நான்கு ஆறுகள் பிறக்கும் மலை

ஜெர்மனி
12.6.1994

அன்புள்ள நஞ்சுவுக்கு,

பழனிமுத்து எழுதுவது. நான் நலம். நீ, அம்மா, குட்டி அனுப்ரியா எல்லோரும் நலமா? சுப்பையா அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இதை வாசிக்கக் குழாயடியில் உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் குடத்தோடு பத்துப் பேர் நிற்பீர்கள் என்று தெரியும். நான் தர்மபுரியில் எட்டாவது வரை தமிழில் படித்தவன், கன்னட எழுத்து தெரியாது. நீ ஹனூரில் பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவள், தமிழ் எழுத்து தெரியாது. வீட்டுக்குள் ஒரே பாஷை பேசிவிட்டு, கடிதம் என்றால் ஆள் தேடுகிற புருஷன் பெண்டாட்டி மைசூரிலேயே நாமாகத்தான் இருப்போம்.

போன கடிதம் சின்னதாக இருந்தது என்று அம்மா குறைப்பட்டாளாம். அதனால் இந்த முறை என்.ஆர். மொகல்லாவிலிருந்து சுற்றுலா வரும் பெரியோர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வாருங்கள்.

இது பவேரியா என்கிற மாநிலத்தின் வடகிழக்கு மூலை. கிழக்கே இருபது கிலோமீட்டர் போனால் செக் நாடு. மலைக்கு ஃபிக்டல் மலை என்று பெயர். அதைச் சரியாகச் சொல்ல எனக்கே ஆறு மாதம் ஆயிற்று. மலை முழுக்க ஊசியிலைக் காடு. மத்தியானத்திலும் உள்ளே இருட்டுதான். நடுவில் ஓர் இடத்தில் வீடு வீடாகப் பாறைகள், ஒன்றின்மேல் ஒன்று உருண்டு விழுந்த மாதிரிக் கிடக்கின்றன. சந்துக்குள் புகுந்து, குனிந்து, ஏணி ஏறிப் போக வேண்டும். காசு கொடுத்துப் பார்க்க பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். நான் பார்த்துவிட்டு, ‘இதைவிட நல்ல பாறையை எங்கள் குவாரியில் வெடி வைத்து உடைத்தோமே’ என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை அதேதான். சாமராஜநகர் கறுப்புக் கல் கப்பலில் வருகிறது. நான் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உள்ளே விரிசல் இருக்கிற கல்லைத் தள்ளி வைக்கிறேன். நல்ல கல்லை இங்கே மெருகேற்றிக் கல்லறைக் கல்லாகச் செய்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற ஹெர்மன் என்கிற பெரியவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைக் காட்டுகிறார். அவர் பேசுவது எனக்குப் பாதி புரியும். நான் பேசுவது அவருக்கு அந்தப் பாதியும் புரியாது.

சுப்பையா அண்ணே, இனி வருகிற வரிகளைக் குழாயடிச் சபையில் வாசிக்க வேண்டாம். நஞ்சுவிடம் மட்டும் தனியாக வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

நஞ்சு, வேலை ஐந்து மணிக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெளிச்சம் போவேனா என்கிறது. அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு மொத்தம் இருபது வார்த்தை பேசினால் அதிகம், அதில் பாதி ‘யா, யா’. நஞ்சு, நீ தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஈரத்தோடு என் முதுகில் சாய்வாயே, சில நாள் காலையில் எழுந்தால் அந்த ஈரம் முதுகில் இருப்பது போல இருக்கிறது. வருகிற மார்ச்சோடு என் இரண்டு வருடம் முடிகிறது. முதலாளி இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார். நவம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு வந்துவிட வேண்டும் போல இருக்கிறது. நானாக வந்தால் பாதியில் ஓடி வந்தவன் என்று அம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். நீ கூப்பிட்டு வந்தேன் என்றால் எனக்கு ஒரு தெம்பு, நஞ்சு. ‘வாங்க’ என்று எழுதச் சொல். மார்ச்சில் வாசலில் நிற்பேன். நஞ்சு, ஒரே ஒரு வார்த்தை போதும்.

உன்
பழனிமுத்து


மைசூர்
3.7.1994

அன்பும் பண்பும் நிறைந்த கணவர் அவர்களுக்கு மனைவி நஞ்சம்மா தெரியப்படுத்திக்கொள்வது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கு மறுதபால் கோருகிறேன்.

தங்கள் கடிதம் இன்று காலை குழாயடியில் வாசிக்கப்பட்டு அனைவரும் மகிழ்வுற்றோம். பாறைச் சந்துக்குள் குனிந்து போகிற கட்டத்தைத் தேவம்மா அக்கா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள். தண்ணீர் நின்றுபோனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அடுத்த கடிதத்தில் நாட்டு எல்லை எப்படி இருக்கும், வேலி உண்டா, சிப்பாய் உண்டா என்று விவரமாக எழுதுமாறு தெருவார் கேட்டுக்கொள்கிறார்கள்.

தங்கள் தாயார் பாப்பாயி அம்மாளுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைவு. குழந்தை அனுப்ரியா பாலர் பள்ளியில் கன்னடப் பாட்டுக்கள் பாடுகிறாள். தங்கள் போட்டோவைக் காட்டி ‘யார்?’ என்றால் ‘ஜெர்மனி’ என்கிறாள். நான் வழக்கம்போல ஊதுபத்தி உருட்டுகிறேன். மழை ஆரம்பித்துவிட்டதால் பத்தி காய்வதில்லை.

இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன். எல்லோரும் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான் விசேஷம்.

இப்படிக்கு
நஞ்சம்மா
(எழுதியது: சுப்பையா)


ஜெர்மனி
7.8.1994

அன்புள்ள நஞ்சுவுக்கு,

கடிதம் கிடைத்தது. தெருவார் உத்தரவுப்படி எல்லையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பெரியோர்களே, ஏமாந்து போவீர்கள். எல்லை என்பது ஒரு புல்வெளி. நடுவில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைக் கல், அப்புறம் ஐம்பது அடி தள்ளி இன்னொரு வெள்ளைக் கல். நாலைந்து வருடம் முன்பு வரை முள்வேலியும் துப்பாக்கியும் கோபுரமும் இருந்தனவாம். இப்போது கோபுரத்தில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பாஷை, அந்தப் பக்கம் வேறு பாஷை. பசு மட்டும் இரண்டு பக்கமும் மேய்கிறது. ஜெர்மன்காரர்கள் நடந்தே போய்ச் சிகரெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அங்கே போக விசா கிடையாது. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். புல் ஒரே மாதிரிதான் இருந்தது.

அந்தப் பக்கத்து முதல் ஊருக்கு இரண்டு பெயர். இவர்கள் ஏகர் என்பார்கள், அவர்கள் செப் என்பார்கள். சதுக்கத்தில் மரச் சட்டம் போட்ட பழைய வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் என்று படப் புத்தகத்தில் இருக்கிறது. ஹெர்மன் அங்கே பிறந்தவர். பெரிய யுத்தம் முடிந்ததும் அவர் பாஷைக்காரர்களை எல்லாம் விரட்டிவிட்டார்களாம். ஒன்பது வயதில் ஒரு மூட்டையோடு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். தொண்ணூற்றொன்று காவிரிக் கலாட்டாவில் குவாரிக் கொட்டாயை விட்டு நாம் ஒரு மூட்டையோடு மைசூருக்கு வந்ததை அவருக்குக் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். வேறு எது புரியாவிட்டாலும் மூட்டை புரிந்தது. இப்போது அவர் மாதம் ஒரு முறை போய்த் தன் வீட்டைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டு வருகிறார். கதவைத் தட்டுவதில்லை. எனக்கு மட்டும் அங்கே கடை போட்டிருக்கும் வியட்நாம்காரி ஒருத்தியிடமிருந்து பச்சை மிளகாய் வாங்கி வருவார்.

சுப்பையா அண்ணே, இனி வருவது நஞ்சுவுக்கு மட்டும். போன தடவை போலவே தனியாக வாசித்துக் காட்டுங்கள்.

நஞ்சு, நான் கேட்டது ஒன்று, நீ எழுதச் சொன்னது பத்தி காயாத விஷயம். ‘அவ்வளவுதான் விசேஷம்’ என்று முடித்திருக்கிறாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே என்னை எல்லோரும் ‘பளனி’ என்கிறார்கள். முழுப் பெயரைச் சொல்ல ஆளில்லை. நீ எப்படியும் சொல்ல மாட்டாய், கல்யாணமாகி ஏழு வருடத்தில் ரேஷன் கடைக்காரன் கேட்டால்கூட அம்மாவைத்தான் கைகாட்டுவாய். அது உங்கள் ஹனூர் வழக்கம், தொலையட்டும். ஆனால் ‘வாங்க’ என்று சொல்ல எந்த வழக்கம் தடுக்கிறது? நான் வருவதில் உனக்கு விருப்பம் இல்லையென்றால், வேலையை நீடித்துக்கொள்ளுங்கள் என்று நேராகவே எழுது. தாங்கிக்கொள்கிறேன். பதில் சொல்லாமல் மட்டும் இருக்காதே.

பழனிமுத்து


மைசூர்
2.9.1994

அன்பும் பண்பும் நிறைந்த கணவர் அவர்களுக்கு நஞ்சம்மா தெரியப்படுத்திக்கொள்வது. இவ்விடம் யாவரும் க்ஷேமம்.

எல்லையைப் பற்றிய கடிதம் மிகவும் நயமாக இருந்தது. அந்தப் பெரியவர் சொந்த வீட்டின் கதவைத் தட்டாமல் திரும்பி வருகிறார் என்று கேட்டபோது, ஏன் தட்டவில்லை என்று தேவம்மா அக்கா கேட்டார்கள். அவருக்கு என் நமஸ்காரம் சொல்லவும். மிளகாய் தருகிற அம்மாளுக்கும் சொல்லவும்.

கௌரி பண்டிகைக்கு என் அண்ணன் ஹனூரிலிருந்து பஸ்ஸில் வந்து வளையல், மஞ்சள், குங்குமம் கொடுத்துவிட்டுப் போக இருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. கவலை வேண்டாம்.

தங்கள் தாயார் அருகிலிருந்து சொல்வது: வீடு மாடி எடுக்காமல் பாதியில் நிற்கிறது. ஆகவே வேலை நீடிக்குமானால் நீடித்துக்கொள்ளவும். இங்கே எங்களுக்கு யாதொரு குறையும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
நஞ்சம்மா
(எழுதியது: சுப்பையா)


ஜெர்மனி
16.10.1994

நஞ்சம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேராக எழுதியதற்கு நன்றி. அம்மா சொன்னதாகப் போட்டிருந்தாலும் கீழே உன் பெயர்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைச் சுப்பையா அண்ணன் முழுவதுமாகச் சபையில் வாசிக்கலாம். ஒளிக்க ஒன்றும் இல்லை.

பயணிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த மலையின் ஆறுகளை. ஒரே மலையில் நான்கு ஆறுகள் பிறந்து நான்கு திசைக்குப் போகின்றன. மைன் மேற்கே, சாலே வடக்கே, ஏகர் கிழக்கே செக் நாட்டுக்கு, நாப் தெற்கே. ஒன்றுகூட இன்னொன்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏகர் பிறக்கும் இடத்தில் ஒரு கல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். கையை வைத்தால் விறைத்துவிடுகிறது. விசா கேட்காமல் எல்லை தாண்டிப் போகிற தண்ணீர். நம் காவிரிக்காகச் சண்டை போடுகிறவர்களை இங்கே கூட்டி வந்து காட்டலாம் என்று தோன்றியது. அப்புறம் அவர்கள் இதற்கும் சண்டை போடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

காட்டில் மஞ்சள் இலைகள் கொட்டிவிட்டன. நாள் முழுக்க மூடுபனி. பக்கத்தில் நிற்கிற கல்லே தெரிவதில்லை, தட்டித்தான் கண்டுபிடிக்கிறேன். கம்பெனி மூன்று வருடக் காகிதத்தைக் கொடுத்துவிட்டது. கடைசி நாள் நவம்பர் முப்பது.

மாடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பழனிமுத்து


மைசூர்
14.11.1994

என் மாமாவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். என் கையால், தமிழில். எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்க வேண்டாம். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் கடைசியாக எழுதிய கடிதத்தைச் சுப்பையா அண்ணன் வாசித்தபோது ‘நஞ்சம்மாவுக்கு’ என்றார். நீங்கள் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கே அத்தை தூங்கும்போது டிரங்குப் பெட்டியிலிருந்து ஜூன் மாதக் கடிதத்தை எடுத்தேன். அதில் முதல் வரி எனக்கு மனப்பாடம், ‘அன்புள்ள நஞ்சுவுக்கு’. அதில் என் பெயர் எது என்று வடிவத்தைப் பார்த்துப் பிடித்தேன். அதே வடிவத்தைக் கடிதம் முழுக்கத் தேடினேன். ஆறு இடத்தில் இருந்தது. குழாயடியில் நான் கேட்டது ஒரே ஒரு தடவை.

அன்றிலிருந்து உட்கார்ந்தேன். உங்கள் கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கக் கேட்டதால் எல்லாம் எனக்குப் பாடம். ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே பென்சிலால் கன்னட எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். மலை வந்தது, பாறை வந்தது, பஸ் வந்தது. பத்தி உருட்டும்போதும் மடியில் காகிதம்தான். போன சனிக்கிழமை நான் கேட்காத வரிகளுக்கு வந்தேன். அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க ஒரு பகல் ஆயிற்று. அப்புறம் ஆகஸ்ட் கடிதம்.

மாமா, சாமி சத்தியமாக ஒரு வரியும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதே எனக்குத் தெரியாது. நீங்கள் மலை, ஆறு, காடு என்று எழுத எழுத, இவருக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது, நம்மை மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். ஜூலையில் குழாயடியில் நின்றுகொண்டு நான் சொல்ல நினைத்தது, ‘எப்ப வருவீங்க’ என்பதுதான். பத்துப் பேர் என் முகத்தைப் பார்க்கும்போது எப்படிச் சொல்வேன்? வேலையை நீடித்துக்கொள்ளச் சொன்னது அத்தை. நான் பக்கத்தில் நின்றேன், மறுத்துப் பேசவில்லை. அது என் தப்பு.

சுப்பையா அண்ணனிடம் கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டார். “நா எப்படிம்மா அத வாசிப்பேன்? உன் மாமியா முன்னாடி வாசிக்க முடியுமா? உன்னத் தனியா உக்கார வெச்சு, அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட ஈரத்தலை அது இதுன்னு இந்த வாயால சொல்ல முடியுமா? பாத்தவங்க என்ன சொல்லுவாங்க? அவனே நேர்ல வந்து சொல்லிக்கட்டும்னு முழுங்கிட்டேன்” என்றார். அழுதுவிட்டார். கேட்டால் கெட்டவராகத் தெரியவில்லை. ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதம் நவம்பர் முப்பதுக்குள் வருமோ வராதோ என்று பயமாக இருந்தது. அதனால் இன்று மத்தியானம் உங்கள் கம்பெனிக் காகிதத்தில் இருந்த நம்பரை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் போனேன். ஒரு பெண் எடுத்து என்னவோ கேட்டாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. யார் வேண்டும் என்று சொன்னால்தானே கூப்பிடுவாள். பூத்தில் நாலு ஆம்பிளைகள் நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பெயரைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அவள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மீட்டர் ஓடுவதைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டேன். கொண்டுபோன காசு அவ்வளவுதான்.

நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. வாங்க. மாடி வேண்டாம். வாங்க. வாங்க.

நஞ்சு


ஜெர்மனி
2.12.1994

நஞ்சு, என் நஞ்சு,

உன் கடிதம் நேற்று வந்தது. உறையில் உன் கோணல் எழுத்தைப் பார்த்து, யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். படித்துவிட்டுக் கல் அடுக்கின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஹெர்மன் வந்து பார்த்துவிட்டுத் தன் கோட்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நவம்பர் பதினேழாம் தேதி.

பதினான்காம் தேதி ஆபீஸ் பெண் என்னிடம் வந்து, ‘இந்தியாவிலிருந்து ஒரு பெண் பேசினாள், உன் பெயரை இரண்டு தடவை சொன்னாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை’ என்றாள். முழுப் பெயரா என்று கேட்டேன். முழுப் பெயர், அழுத்தமாக, என்றாள். அந்த நிமிஷமே அது நீ இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நஞ்சு என் பெயரைச் சொல்ல மாட்டாள், அதுவும் நாலு பேர் நடுவில். அப்படியென்றால் அம்மா. கெட்ட செய்தியோ என்று பயந்து மூன்று நாள் தந்திக்காகக் காத்திருந்தேன். தந்தி வரவில்லை. அப்போது, கையெழுத்துப் போட்டாயா என்று கேட்கத்தான் அம்மா போன் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு வீறாப்பு. போய்ப் போட்டேன். நீ எனக்காக வழக்கத்தை உடைத்தாய், நான் அந்த வழக்கத்தை நம்பிக் கெட்டேன்.

முதலாளியிடம் இன்று போய்க் கேட்டேன். காகிதம் அரசாங்கத்துக்குப் போய்விட்டதாம், இப்போது திரும்ப வாங்க முடியாதாம். ஒரு வருடம் ஓடட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று ஹெர்மனைக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

சபைக்கு எழுதாத ஊரை இப்போது உனக்குச் சொல்கிறேன். பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. படப் புத்தகத்தில் இந்த ஊருக்குக் குளிர்காலம்தான் அழகு என்று போட்டிருக்கிறது. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மலை, காடு, எல்லைக் கல் எல்லாம் வெள்ளை. எது எந்த நாடு என்று தெரியவில்லை. ஆனால் சத்தமே இல்லை நஞ்சு. நான் நடந்தால் என் காலடிகூடக் கேட்பதில்லை. நாலரை மணிக்கு இருட்டிவிடுகிறது. போன வாரம் வந்த கல்லின் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் கன்னட எழுத்து. நம் குவாரிக் கல். தட்டிப் பார்த்தேன், நல்ல கல். விரிசல் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

எனக்கு ஒன்று செய். ஜனவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மைசூரில் மாலை நாலு மணிக்கு அந்த பூத்துக்குப் போ. இங்கே காலை பதினொன்றரை. முதலாளி ஆபீஸ் சாவியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீ வேறு எதுவும் பேச வேண்டாம். என் பெயரை மட்டும் சொல்.

உன்
பழனிமுத்து


மைசூர்
9.1.1995

என் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே படித்தேன். ‘கையெழுத்துப் போட்டுவிட்டேன்’ என்ற வரியை, தப்பாகப் படிக்கிறேனோ என்று நாலு தடவை எழுத்துக் கூட்டினேன். எப்படிக் கூட்டினாலும் அதுதான் வந்தது. தமிழ் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

தபால்காரர் கொடுத்ததைத் தெருவே பார்த்திருந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை குழாயடியில், “நஞ்சம்மா, இப்ப நீயே படிப்பியாமே, படி” என்று தேவம்மா அக்கா கேட்டார்கள். அத்தையும் குடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். படித்தேன். பனி கொட்டியது, மலை வெள்ளையானது, ஹெர்மன் கோட்டுப் போட்டது, எல்லாம் படித்தேன். நடுவில் நிறைய இடத்தில் விட்டுவிட்டுப் போனேன். நான் எங்கெங்கே விடுகிறேன் என்று சுப்பையா அண்ணனுக்கு மட்டும் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் மேல் முன்பு போலக் கோபம் இல்லை.

அத்தை மட்டும் வீட்டுக்கு வந்ததும், “அவன் எப்ப வரானாம்?” என்று கேட்டார்கள். மாடி கட்டியதும் என்றேன். வேறு என்ன சொல்ல? அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டே, “மாடில யாருடி ஏறப் போறா, எனக்கு இந்தப் படியே ஏற முடியல” என்றார்கள்.

நேற்று நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே பூத்துக்குப் போய்விட்டேன். அனுப்ரியாவை விட்டுவிட்டுப் போனேன், அவள் பேசினால் நான் அழுதுவிடுவேன். கூட்டம் இருந்தது. வெளியில் நான் தமிழ் பேசுவதில்லை, உங்களுக்கே தெரியும், தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு பஸ்ஸில்கூடக் கன்னடம்தான். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினேன், அது முழுதாகச் சாத்தவில்லை. ஒரு தடவை மணி அடிப்பதற்குள் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

உங்கள் பெயரைச் சொன்னேன்.

நீங்கள் பேசவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். நீங்கள் மூச்சு விடுவது கேட்டது, மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் அதற்கு மேல் வாய் வரவில்லை. சிவப்பு நம்பர் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் உருட்டிய பத்தி அதில் போனது, போகட்டும் என்று நின்றேன்.

பூத்துக்காரர் கதவைத் தட்டினார். “லைன்ல யாரூ இல்வாம்மா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், அவருக்குப் புரியுமா புரியாதா என்றுகூட யோசிக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி, “இருக்காருங்க” என்றேன்.

நஞ்சு